14. வாசிக்கப்படாத மூன்றாம் ஓலை

ஜேசுபாதத்தைத் தங்கமான அண்ணன் என்று மூன்று வாரத்துக்கு முன்னால் எழுதியது நான்தான். மாதம் தவறாமல் சாத்தான்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்து, அம்மாவுக்கு வாழைப்பழமும் தங்கைக்கு ஆறுதலும் கொடுத்துவிட்டுப் போகிறவன் என்று உருகி உருகி எழுதினேன். ‘எனக்கு இப்படி ஒரு அண்ணன் இல்லையே’ என்று ஒரு வாசகி கார்டு போட்டிருந்தார். அந்த அம்மா என்னை மன்னிக்க வேண்டும். நானும் ஏமாந்தவள்தான்.

புதிதாக வருகிறவர்களுக்காக நாலு வரி. முத்தையாபுரத்தில் தன் அம்மா ஜீவமணியோடு இருக்கிறாள் ஜெபசெல்வி. மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்த டீச்சர் ஜீவமணி. இப்போது சாப்பிட்டதை மறக்கிறாள், கொல்லைப்புறம் எந்தப் பக்கம் என்று மறக்கிறாள், பெற்ற மகளின் முகத்தையே மறக்கிறாள். டாக்டர் இதற்குப் பெயர் ஒன்றும் சொல்லவில்லை. “வயசாகுதுல்லா” என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரையைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைக்க மட்டும் அம்மாவுக்கு மறப்பதே இல்லை.

ஐந்து வருஷமாகச் செல்விக்கு இதுதான் வேலை. விடிந்ததும் நனைந்த விரிப்பை அலச வேண்டும். ஒரு வாய் சோறு ஊட்ட ஒன்பது பொய் சொல்ல வேண்டும். அம்மா திறந்த கதவைக் கண்டால் போய்விடுவாள் என்பதால் உடம்பெல்லாம் காதாக இருக்க வேண்டும். போன வருஷம் ஒரு மத்தியானம் அம்மாவை உப்பளத்து வரப்பில்தான் கண்டுபிடித்தார்கள். கண் கூசுகிற வெயிலில், பாத்தியில் இறங்கி, முழங்கால் வரை உப்புத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். அதன் பிறகு அம்மா தினம் போடுகிற ரவிக்கை ஒவ்வொன்றிலும், கழுத்துப் பட்டிக்குக் கீழே, சிவப்பு நூலில் வீட்டு விலாசத்தைத் தைத்து வைத்தாள் செல்வி.

இப்படி இருந்தவளுக்கு ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு கதவு திறந்தது. துறைமுகத்தை ஒட்டி முத்து வளர்ப்புக் கூடம் ஒன்று வந்திருக்கிறது. கடலில் முங்கி முத்தெடுத்த காலம் போய், சிப்பிக்குள் மணியை வைத்து முத்து விளைவிக்கப் பார்க்கிற காலம். அதற்கு நடுங்காத கையும் பொறுமையும் வேண்டும். பக்கத்து வீட்டு இசக்கித்தாய் அம்மாவைப் பார்த்துக்கொள்ள, செல்வி தினம் மூன்று மணி நேரம் போய்க் கற்றுக்கொண்டாள். இன்று, சனிக்கிழமை பத்தரை மணிக்கு, நிரந்தர வேலைக்கான பரீட்சை. அடுத்த மாதம் அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது. அதற்கு மேல் எந்த உத்தியோகத்துக்கும் மனுப் போட முடியாது.

இன்று தன்னால் வர முடியாது, ஆத்தூரில் ஒரு கல்யாண வீடு இருக்கிறது என்று இசக்கித்தாய் முன்பே சொல்லிவிட்டாள். அண்ணனுக்கு எழுதினாள் செல்வி. ‘நான் வந்து அம்மாவோடு இருக்கிறேன். உனக்கு வேலை கிடைத்தால் அம்மா இனி என் பொறுப்பு’ என்று பதில் வந்தது. அதைப் படித்துத்தான் தங்கமான அண்ணன் என்று நான் எழுதினேன்.

போகட்டும். காலையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

*

முத்துக் கூடத்தில் வெள்ளை உடுத்தி வரச் சொல்லியிருந்தார்கள். செல்வியிடம் வெள்ளைச் சேலை ஏது? அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து, லேஸ் வைத்த, மெல்லிய வெள்ளை வாயில் துணிச் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தாள். பரவாயில்லை என்றிருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் கண்ணாடியில் பொட்டில்லாத நெற்றியையும் நரையையும் தேடாமல், தன் முகத்தைப் பார்த்தாள்.

வினை அந்தச் சேலையில்தான் இருந்தது.

எங்கள் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்போம். அவர் மனைவி ஐயரம்மா. நற்கருணை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை ஆயத்த நாள். மனத்தாங்கல் இருந்தால் பேசித் தீர்க்க வேண்டும், செய்த தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் அப்பத்தையும் ரசத்தையும் தொடலாம். கோயிலுக்கு வர முடியாத வயசான பெண்களை ஐயரம்மா வீடு தேடிப் போய்ப் பார்ப்பார். லேஸ் வைத்த வெள்ளைச் சேலை உடுத்தித்தான் போவார்.

செல்வி காப்பித் தம்ளரோடு கட்டிலருகே போய் நின்றாள். ஜீவமணி மடமடவென்று எழுந்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

“வாங்க ஐயரம்மா. நாளைக்கு நற்கருணையில்லா? ஐயர் அனுப்பினாகளா?”

‘நான் செல்விம்மா’ என்று சொன்னால் அரை மணி நேரம் அழுகை. ‘ஆமாம்’ என்றால் இரண்டு நிமிஷத்தில் காப்பி உள்ளே போய்விடும். செல்வி அனுபவத்தில் கற்ற வித்தை இது.

“ஆமா, ஐயர்தான் அனுப்பினாக. மொதல்ல காப்பியைக் குடிங்க.”

“காப்பி இருக்கட்டும். நீங்க கேக்க வேண்டியதைக் கேளுங்க.”

செல்விக்குச் சிரிப்பு வந்தது. சின்ன வயசிலிருந்து கேட்டுப் பழகிய கேள்விதானே. குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு கேட்டாள். “மனசுல பாரம் ஏதும் உண்டுமா டீச்சர்?”

ஜீவமணி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். “கதவைச் சாத்துங்க. எம்மவ அங்கன பாத்திரம் வெளக்கிட்டு இருப்பா. அவ காதுல விழக் கூடாது.”

செல்வி கதவைச் சாத்தினாள். அப்போதும் அவள் விளையாட்டாகத்தான் சாத்தினாள்.

“அவளுக்கு ஓலை வாசிச்சோம்லா, ஐயரம்மா. ரெண்டு ஓலை வாசிச்சாச்சி. மூணாவதை வாசிக்க விடலை.”

செல்வியின் சிரிப்பு நின்றது.

எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஐயர் சபை நடுவே கேட்பார். செல்விக்கு இருபத்து மூன்று வயதில், கிருபாநிதி என்கிற வாத்தியாரோடு இரண்டு ஓலை வாசித்தார்கள். மூன்றாவது ஞாயிறு வந்தது. பட்டுச் சேலை உடுத்தி முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் செல்வி. ஐயர் மற்ற இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடிவிட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பாளையங்கோட்டையில் பெரிய இடம் வந்துவிட்டது, அதனால் நின்றுபோனது என்று அம்மா சொன்னாள். பன்னிரண்டு வருஷமாகக் குடும்ப ஜெபத்தில் ‘அவர்களை மன்னியும் ஆண்டவரே’ என்று அம்மா ஜெபித்தாள். செல்வி ‘ஆமென்’ சொன்னாள்.

“யாரு வாசிக்க விடலை?” என்று கேட்டாள் செல்வி.

“நாந்தான். அவளுக்கு வலிப்பு வரும்னு மாப்பிள்ளை வீட்டுக்குக் கடுதாசி போட்டேன்.”

“அவளுக்கு வலிப்பு உண்டா?”

“ஐயோ, இல்லை!” ஜீவமணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஒரு தலைவலி கூட வராது அவளுக்கு. கல்லு மாதிரி பிள்ளை. அவுக அப்பா செத்து நாலு மாசந்தான் ஆகியிருந்துது. பெரியவன் பொண்டாட்டி வீட்டோட போயிட்டான். இவளும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா? சொல்லுங்க. எனக்கு யாரு இருக்கா?”

“கடுதாசியை நீங்களா எழுதினிய?”

“எனக்குக் கை நடுங்குச்சி, ஐயரம்மா. ரெண்டு தாளைக் கிழிச்சிட்டேன். பெறகு பெரியவன்தான் எழுதினான். அவன் எழுத்து முத்து முத்தா இருக்கும்லா?” அம்மாவின் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது. அப்புறம் செல்வியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு மன்னிப்பு உண்டுமா?”

தம்ளர் சரிந்து காப்பி முழுவதும் அம்மாவின் மேல் கொட்டியது. ஆறிப்போன காப்பிதான், சுடவில்லை. கை தவறியதா, கையை விட்டாளா என்று என்னைக் கேட்காதீர்கள். செல்விக்கே அது தெரியாது.

நனைந்த ரவிக்கையைக் கழற்றி அம்மாவைத் துடைத்தாள். டிரங்குப் பெட்டியில் மேலாக இருந்த ஒரு பழைய ரவிக்கையை எடுத்து மாட்டிவிட்டாள். கொக்கியைப் போடும்போது ஜீவமணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏளா, நீ யாரு? எம்மவளைக் கூப்பிடு. செல்வியைக் கூப்பிடு.”

செல்வி அடுப்படிக்குப் போய், சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள்.

யாரிடம் சண்டை போடுவாள்? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் யோசித்து அந்தக் கடிதத்தை எழுதச் சொன்னவள் இப்போது அந்தக் கட்டிலில் இல்லை. அங்கே இருப்பது சோறு ஊட்ட வேண்டிய ஒரு பிள்ளை. ‘ஏன் இப்படிச் செய்தாய்’ என்று உலுக்கினால் பயந்து அழும், அவ்வளவுதான். தப்புச் செய்தவள் தப்பித்துப் போய்விட்டாள். அவள் உடம்பை அலசித் துடைக்கிற வேலை மட்டும் செல்விக்கு மிச்சம். ‘அம்மா பாவம், எனக்கு விதித்தது இது’ என்று சொல்லிச் சொல்லித்தான் ஐந்து வருஷத்தை ஓட்டினாள். விதிக்கவில்லை, எழுதிப் போட்டிருக்கிறார்கள். எனக்கே எழுதும்போது வயிறு எரிகிறது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

*

ஒன்பது மணிக்கு ஜேசுபாதம் வந்தான்.

இவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூட வாத்தியார். சட்டையில் மடிப்புக் கலையாது, தலையில் வகிடு கலையாது. முன்பு ஒரு புயல் மழையில் வீட்டுக் கூரை ஓடு சரிந்து விழுந்தபோது, பெண்டாட்டி பிள்ளைகள் கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டார்கள். இவன் சட்டைப் பித்தானை மேலிருந்து கீழ்வரை போட்டு, ஷூவுக்குக் கயிறு கட்டி, அதற்குப் பிறகு வெளியே வந்தான். பனியனோடு தெருவில் நிற்பது அவனைப் பொறுத்தவரை செத்துப்போவதற்குச் சமம். மதனி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

“என்னளா செல்வி, கெளம்பிட்டியா? வெள்ளைச் சேலை எடுப்பாத்தான் இருக்கு” என்றபடி வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தான்.

“அண்ணே, கிருபாநிதி வீட்டுக்குக் கடுதாசி எழுதினது நீதானா?”

அவன் நிமிரவில்லை. ஒரு ஷூவின் கயிற்றை அவிழ்த்தான். மற்றதையும் அவிழ்த்தான். காலுறைகளை மடித்து உள்ளே செருகி, ஜோடியைச் சுவரோரமாக ஒட்டி வைத்தான்.

“யாரு சொன்னா?”

அந்தக் கேள்வியிலேயே பதில் வந்துவிட்டது.

“அம்மா.”

“அம்மா பேச்சை யாரு நம்புவா? போன தடவை என்னையே அப்பான்னு கூப்பிட்டாளே.”

“வலிப்புன்னு எழுதினியா, இல்லையா?”

ஜேசுபாதம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “அம்மா அழுதா. நான் என்ன செய்ய? எழுதினேன். அப்ப அது பெரிய தப்பாத் தெரியலை. ஒனக்கு வேற எடம் வரும்னு நெனச்சோம்.”

“வலிப்புக்காரிக்கு வேற எடம் எங்கேருந்து வரும்?”

அவன் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தான்.

“ஊரெல்லாம் தெரிஞ்சிருக்கும், என்ன? அதான் அதுக்குப் பெறகு ஒருத்தரும் கேட்டு வரலை. எம்மூஞ்சி சரியில்லைன்னு நான் நெனச்சிட்டு இருந்தேன், அண்ணே. பன்னிரண்டு வருஷம் கண்ணாடியைப் பாத்து அதையே நெனச்சிட்டு இருந்தேன்.” அவள் குரல் உடைந்தது. அதற்காக அவளுக்கு அவள் மேலேயே கோபம் வந்தது.

“முடிஞ்சு போனதைப் பேசி என்ன ஆகப்போவுது? அம்மாவை நீ இவ்வளவு நாள் பாத்துக்கிட்டதுக்குக் கர்த்தர் ஒனக்கு வேண்டியதைச் செய்வாரு.”

“ஒம் பெஞ்சாதி பாக்க வேண்டியதையும் சேத்து நான் பாத்தேன். அதை ஏன் கர்த்தர் தலையில கட்டுதே?”

ஜேசுபாதம் கோபப்படுவான் என்று செல்வி நினைத்தாள். அவன் கோபப்படவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். “சரி, இப்ப அதுக்கு நேரம் இல்லை. பத்தரைக்குப் பரீச்சைன்னு எழுதியிருந்தியே. போயிட்டு வா. நான் எங்கேயும் போவமாட்டேன். நிம்மதியாப் போயிட்டு வா.”

இவ்வளவு சுலபமாக விடுகிறானே என்று அவளுக்கு ஒரு கணம் பட்டது. வெட்கப்பட்டுத்தான் விடுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். மனுஷி இன்னும் நல்லதையே நினைக்கிறாள் பாருங்கள்.

“மேல் தாழ்ப்பாளைப் போட்டு வையி. கீழ்த் தாழ்ப்பாளைத் திறக்க அம்மா பழகிட்டா” என்றாள்.

“சரி, சரி” என்றபடி அவன் பத்திரிகையைப் பிரித்தான்.

*

கூடத்து வாசலில் ஒரு பதிவேடு உண்டு. அதில் ‘ஜெபசெல்வி’ என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றரை மாதமாக அவள் நாளில் அவளுக்கு ரொம்பப் பிடித்த இடம் அந்தக் கோடுதான். முத்தையாபுரத்தில் அவள் டீச்சரம்மா மகள். சபையில் வாத்தியார் தங்கச்சி. அம்மாவுக்கு யார் யாரோ. இங்கே மட்டும்தான் அவளுக்கு அவள் பெயர்.

இன்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஆய்வு உதவியாளர் செந்தில்வேல் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர். வாயில் வார்த்தை வருவதற்குள் மூன்று தடவை மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார்.

“மிஸ், தப்பா நினைக்காதீங்க. நேத்துத் தபால்ல இது வந்தது.”

ஒரு இன்லண்ட் லெட்டர். சாத்தான்குளம் தபால் முத்திரை. கீழே பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. மொட்டைக் கடுதாசி. ‘தங்களிடம் வேலைக்கு வரும் ஜெபசெல்வி என்பவருக்கு அடிக்கடி வலிப்பு வருவது வழக்கம். கத்தி பிடிக்கும் வேலைக்கு அவர் தகுதியானவர் அல்ல என்பதைத் தங்கள் நன்மைக்காகத் தெரிவித்துக்கொள்கிறேன்.’ பிசிறு இல்லாத வரிகள். கரும்பலகையில் எழுதிப் பழகிய, முத்து முத்தான எழுத்து.

அண்ணனின் எழுத்து. செல்வி மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். அம்மா அன்றைக்குத் தனிமைக்குப் பயந்தாள், அதையாவது ஒரு காரணம் என்று சொல்லலாம். இவன் எதற்குப் பயந்தான்? அம்மா சாத்தான்குளத்துக்கு வந்துவிடுவாளே என்று பயந்தான். ‘இனி என் பொறுப்பு’ என்று ஒரு கடிதத்தைத் தங்கைக்கு எழுதி, அதே பேனாவால் இதையும் எழுதியிருக்கிறான். நிம்மதியாகப் போயிட்டு வா என்று ஏன் சொன்னான் என்று இப்போது புரிந்தது.

“இது உண்மையா மிஸ்?” என்று கேட்டார் செந்தில்வேல்.

அழுதிருந்தால் அவர் அவளை நம்பியிருப்பார், ஆனாலும் வீட்டுக்கு அனுப்பியிருப்பார். செல்வி அழவில்லை.

“இந்த வலிப்பு எனக்குப் பன்னிரண்டு வருஷமா இருக்கு சார். காகிதத்துல மட்டும்தான் வரும். உடம்புக்கு வந்ததே இல்லை.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒரு மணி நேரம் உங்க கண்ணு முன்னாடிதானே உக்காந்திருக்கப் போறேன்? கை நடுங்கினா நீங்களே பாப்பீங்க. அப்ப அனுப்பிடுங்க. அதுக்கு முன்னாடி அனுப்பாதீங்க சார்.”

செந்தில்வேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “போய்க் கையெழுத்துப் போடுங்க” என்றார்.

இருபது சிப்பி, ஒரு மணி நேரம். மருந்து கலந்த கடல் தண்ணீரில் சிப்பிகள் மயங்கி, வாயைச் சற்றே திறந்து கிடக்கும். திறந்த வாயில் சின்ன மர ஆப்பைச் செருகி, தாங்கியில் நிறுத்த வேண்டும். உள்ளே மெல்லிய கத்தியால் ஒரு கீறல். வேறொரு சிப்பியிலிருந்து வெட்டிய சதைத் துணுக்கையும் அதை ஒட்டினாற்போல் ஒரு சின்ன மணியையும் அந்தக் கீறல் வழியே உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டும். மூன்று நிமிஷத்துக்குள் ஆப்பை எடுத்துத் தண்ணீரில் விட வேண்டும். தாமதித்தால் சிப்பி செத்துப்போகும்.

முதல் சிப்பியை எடுத்தபோது அவள் கண்ணில் கடிதம் இருந்தது. இரண்டாவதில் அண்ணனின் ஷூ. நாலாவதற்குள் எல்லாம் போய்விட்டது. கத்தி நுனியும் கீறலும் மட்டும் இருந்தன. லேஸ் பின்னும்போது ஒரு முடிச்சுப் பிசகினால் அம்மா அடி ஸ்கேலால் விரலில் போடுவாள். அந்த விரல்கள்தான் இவை. அதை நினைத்தபோது கூட அவள் கை நிற்கவில்லை. இந்த மேஜையில் உட்கார்ந்தால் அவள் யாருக்கும் மகள் இல்லை, தங்கை இல்லை. இந்த வேலை தெரிந்த ஒருத்தி. இதுதான் நான், இத்தனை நாளாக இவளைத்தான் அந்த வீட்டில் பூட்டி வைத்திருந்தார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

பதினேழாவது சிப்பியைத் தண்ணீரில் விட்டுவிட்டு நிமிர்ந்தபோது, வாசலில் காவல்காரரோடு சிலுவை நின்றுகொண்டிருந்தார். முத்தையாபுரம் தெருக்களில் சைக்கிளில் மீன் விற்கிறவர். வியர்த்து ஊற்றியது. கையில் ஒரு சீட்டு.

“தாயி, உங்க அண்ணன் குடுத்தாரு. உடனே குடுக்கணும்னு சொன்னாரு.”

சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதியிருந்தது. ‘அம்மாவைக் காணோம். உடனே புறப்பட்டு வா.’

அதே எழுத்து. கொஞ்சம் கோணல். அவசரத்தில் வந்த கோணலா, அவசரம் போலக் காட்ட எழுதிய கோணலா? கல்யாணத்தை நிறுத்த ஒன்று. வேலையைக் கெடுக்க ஒன்று. அந்தக் கடிதம் வேலை செய்யவில்லை என்று தெரிந்து அனுப்பிய மூன்றாவதா இது? பரீட்சைக்கு விடாமல் விரட்டியிருந்தால் அவள் இந்நேரம் வீடு திரும்பியிருப்பாள், வராததைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்திருக்குமே. பெற்ற அம்மாவைக் காணோம் என்கிற செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, நம்பலாமா வேண்டாமா என்று ஒருத்தி யோசிக்கும்படி செய்துவிட்டார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

செல்வி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அண்ணாச்சி, அண்ணன் சீட்டைக் குடுக்கையில என்ன போட்டிருந்தாரு?”

சிலுவை விழித்தார். “என்ன தாயி கேக்கிய? பனியன்தான் போட்டிருந்தாரு. காலுல ஒண்ணும் இல்லை. உப்பளத்து ரோட்டுல அங்கயும் இங்கயும் ஓடுதாரு மனுஷன்.”

அப்படியானால் உண்மை.

மேல் தாழ்ப்பாளைப் போடவில்லை அவன். அதோடு செல்விக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. விலாசம் தைத்த ரவிக்கையெல்லாம் கொடியில் ஈரமாகக் கிடக்கிறது. காலையில் கோபத்தில் அவள் மாட்டிவிட்டது டிரங்குப் பெட்டியிலிருந்த பழைய ரவிக்கை. அதில் ஒரு எழுத்தும் இல்லை. அம்மா இப்போது எங்கே நின்றாலும் அவள் யார், எந்த வீடு என்று சொல்ல ஒன்றும் இல்லை, அவள் வாய் உட்பட.

“போறதுன்னா போங்க மிஸ்” என்றார் செந்தில்வேல் மெதுவாக. “நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா இன்னொரு தடவை பரீட்சை வைக்க எனக்கு அதிகாரம் இல்லை.”

மூன்று சிப்பி பாக்கி. ஒன்பது, பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் உப்பளத்து வரப்பில் ஒரு வயசான பெண்பிள்ளை எவ்வளவு தூரம் நடந்துவிட முடியும் என்று செல்விக்குத் தெரியும். போன வருஷம் தேடிப்போனவள் அவள்தானே.

அண்ணன் தேடிக்கொண்டிருக்கிறான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, வெறுங்காலோடு, அவன் தேடிக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் அவள் அம்மாதானே.

“வெளியே நில்லுங்க அண்ணாச்சி. பத்து நிமிஷத்துல வாரேன். உங்க சைக்கிள்லயே போயிருவோம்” என்றாள்.

சிலுவை அவளை நம்ப முடியாமல் பார்த்தார். இன்று சாயங்காலத்துக்குள் முத்தையாபுரம் முழுக்க அந்தப் பார்வை பரவிவிடும். பெற்றவளைக் காணோம் என்று சொல்லியும் எழுந்திருக்காதவள் என்று பேசுவார்கள். பேசட்டும். வலிப்புக்காரி என்று பேசினவர்கள்தானே.

செல்வி பதினெட்டாவது சிப்பியை எடுத்தாள். ஆப்பைச் செருகித் தாங்கியில் நிறுத்தினாள். கத்தியைக் கையில் எடுத்து, ஒரு கணம் தன் விரல்களையே பார்த்தாள்.

மகளுக்குத் துரோகம் செய்ய உட்கார்ந்த அன்றைக்கு அம்மாவுக்குக் கூடக் கை நடுங்கியதாம், இரண்டு தாளைக் கிழித்தாளாம். செல்வியின் கை நடுங்கவே இல்லை.